எம்.ஜி.பி. டியூனிங் வீட்டிலேயே: கார்புரேட்டர் கடைசியில்தான்

ஐட்லிங்கில் நடுங்குகிறது, சிக்னலில் நின்றால் அணைந்துபோகிறது, ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒருமுறை இருமிவிட்டுத்தான் நகர்கிறது. எம்.ஜி.பி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருப்பவர்கள் இந்த நிலையில் முதலில் செய்வது, பானெட்டைத் திறந்து காற்றோடு பெட்ரோலைக் கலந்து கொடுக்கும் இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர்களின் அடியில் இருக்கும் நட்டை அப்படியும் இப்படியும் திருகிப் பார்ப்பதுதான். பளபளவென்று கண்ணுக்கு எதிரே நிற்பதால் பழி அதன்மேல் விழுகிறது. எஸ்.யூ. மிக எளிமையான கருவி. ஒழுங்காக வைத்துவிட்டால் அந்த அமைப்பு லேசில் மாறாது. போன வாரம் நன்றாக ஓடிய வண்டி இந்த வாரம் தடுமாறுகிறது என்றால், இடையில் யாரும் வந்து அந்த நட்டைத் திருகிவிட்டுப் போகவில்லை. தேய்ந்ததோ தளர்ந்ததோ கருகியதோ வேறு ஏதோ.

அதனால் வரிசை இது: முதலில் டாப்பெட் (வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் இடையிலான இடைவெளி), அடுத்து பாயின்ட் (திறக்கும்போது பிளக்கில் பொறி வரவைக்கும் சுவிட்ச்), அதன்பின் டைமிங் (பொறி வரும் நேரம்), பிறகு காற்றுக் கசிவும் பெட்ரோல் வரத்தும், எல்லாம் முடிந்த பிறகு கார்புரேட்டர். டாப்பெட் இடைவெளி மாறினால் எஞ்சின் காற்றை இழுக்கும் விதம் மாறும். பாயின்ட் இடைவெளி மாறினால் டைமிங் மாறும். டைமிங் மாறினால் ஐட்லிங் வேகம் மாறும். கார்புரேட்டரை முதலில் சரிசெய்தால், மற்ற ஒவ்வொன்றைத் தொடும்போதும் அதைத் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான வண்டி இது; 1,798 சி.சி. பி-சீரிஸ் எஞ்சின். கீழே உள்ள அளவுகள் எஸ்.யூ. எச்.எஸ்.4 கார்புரேட்டர்களும், பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டரும் பொருத்திய குரோம் பம்பர் வண்டிகளுக்கு. அமெரிக்காவுக்கென்று 1975 முதல் ஒற்றை ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டரோடு வந்த வண்டிகளுக்குக் கடைசிப் பகுதி பொருந்தாது.

தொடங்குமுன் மூன்று விஷயங்கள்

ஸ்பேனர்: இந்த வண்டியில் பெரும்பாலும் யு.என்.எஃப். மரை. அதற்கு அங்குல அளவில் ஏ.எஃப். ஸ்பேனர்கள் வேண்டும், 7/16, 1/2, 9/16, 5/8 இருந்தால் இந்த வேலையில் பெரும்பகுதி முடியும். 1/2 அங்குல நட்டில் 13 மி.மீ. ஸ்பேனர் ஏறிவிடும், ஏனென்றால் 1/2 அங்குலம் என்பது 12.7 மி.மீ. ஆனால் அந்த 0.3 மி.மீ. தளர்வே நட்டின் மூலைகளை உருட்டிவிடும்.

எர்த்: 1967 கடைசியில் மார்க் 2 வரும்வரை இந்த வண்டிகளில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். பிற்பாடு யாராவது மாற்றியிருக்கவும் கூடும். ஆண்டை வைத்து ஊகிக்காமல் பாட்டரியில் நேராகப் பாருங்கள். துருவம் மாற்றிக் கொடுத்தால் எலக்ட்ரானிக் இக்னிஷன் அந்த நொடியே போய்விடும். டைமிங் லைட்டின் சிவப்பு கிளிப் எந்த வண்டியானாலும் பாட்டரியின் பாசிட்டிவ் முனைக்குத்தான்.

எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே போகும் எர்த் பட்டை: எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருப்பதால் இந்தப் பட்டை இல்லாமல் ஸ்டார்ட்டர் மின்சாரத்துக்கு ஒழுங்கான வழி கிடையாது. கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டியவர்கள் அதை மாட்ட மறந்திருந்தால், அந்த மின்சாரம் சோக் கேபிள் வழியாகப் பாயும். ஸ்டார்ட் செய்யும்போது சோக் கேபிள் சுட்டாலோ புகைந்தாலோ கேபிளை மாற்றாதீர்கள், பட்டையைத் தேடுங்கள். லூகாஸ் மின்சாரத்தைப் பற்றிய கேலிகள் ஏராளம், ஆனால் பச்சை பூத்த எர்த் முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே அந்தக் கேலிகளில் பாதிக்கு வேலை இருக்காது.

டாப்பெட்

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டால் எஞ்சின் லேசாகச் சுற்றும். கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுச் சுற்றலாம், அல்லது டாப் கியரில் போட்டு வண்டியை அங்குலம் அங்குலமாகத் தள்ளலாம்.

ராக்கர் கவரை எடுத்தால் எட்டு வால்வுகளும் வரிசையாகத் தெரியும். முன்பக்கத்திலிருந்து 1, 2 என்று எண்ணுங்கள். ஒரு வால்வு முழுக்க அமுங்கித் திறந்திருக்கும்போது, அதன் எண்ணோடு கூட்டி 9 வரும் வால்வு முழுக்க மூடியிருக்கும், அதைச் சரிசெய்யலாம். எஞ்சினை ஒரே திசையில் சுற்றிக்கொண்டு போனால் இந்த வரிசையில் வரும்:

8 திறந்திருக்கும்போது 1
6 திறந்திருக்கும்போது 3
4 திறந்திருக்கும்போது 5
7 திறந்திருக்கும்போது 2
1 திறந்திருக்கும்போது 8
3 திறந்திருக்கும்போது 6
5 திறந்திருக்கும்போது 4
2 திறந்திருக்கும்போது 7

கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் எட்டும் முடிந்துவிடும். இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் ஒரே அளவு: எஞ்சின் ஆறிய நிலையில் 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைத் திருப்பி, ஃபீலர் கேஜ் தகடு லேசான பிடிப்போடு வருமாறு வைத்து, ஸ்க்ரூ டிரைவரை அசைக்காமல் நட்டை இறுக்குங்கள். இறுக்கிய பிறகு இன்னொரு முறை தகட்டை விட்டுப் பாருங்கள். இறுக்கும்போது அளவு நகர்வது சகஜம்.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. நிறைய ஓடிய எஞ்சினில் ராக்கரின் நுனி, வால்வு தட்டும் இடத்தில் குழி விழுந்திருக்கும். நேரான ஃபீலர் தகடு குழியின் இரு கரைகளில் பாலம் போலக் கிடக்கும், நீங்கள் 0.015 என்று நினைப்பது உண்மையில் அதைவிட அதிகம். சரியாக வைத்தும் டக் டக் என்று சத்தம் அடங்கவில்லை என்றால் ராக்கரைக் கழற்றிப் பாருங்கள். அதற்காகச் சத்தம் நிற்கும்வரை இறுக்கிக்கொண்டே போகாதீர்கள். சத்தம் போடும் டாப்பெட்டைவிடச் சத்தமே போடாத டாப்பெட்தான் ஆபத்து: இடைவெளி இல்லாத எக்ஸாஸ்ட் வால்வு தன் இருக்கையின் (சீட்) மேல் முழுக்க உட்காராது, சூட்டை இறக்கிவைக்க இடமில்லாமல் ஓரம் கருகும்.

ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எக்ஸாஸ்ட் வால்வுகளில் மட்டும் இடைவெளி குறைந்துகொண்டே வருகிறதா? ஈயம் இல்லாத பெட்ரோலில் பழைய வார்ப்பிரும்பு இருக்கை தேய்ந்து, வால்வு உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக் கடினமான எக்ஸாஸ்ட் இருக்கைகள் பதிப்பதுதான் அதற்கு வழி.

கம்ப்ரஷன் கேஜ் இருந்தால், எஞ்சினைச் சூடாக்கியபின் த்ராட்டிலை முழுக்கத் திறந்துவைத்துப் பாருங்கள். எண்ணைவிட நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்பதே முக்கியம். 2, 3 இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் அவற்றுக்கு நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அப்படியானால் டியூனிங்கை இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாயின்ட்

பெரும்பாலான ‘கார்புரேட்டர் கோளாறு’ உண்மையில் எஞ்சினின் வலப்பக்கம் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்தான் குடியிருக்கிறது. மூடியை எடுத்து, ரோட்டாரைக் கழற்றி நிதானமாகப் பாருங்கள்.

பாயின்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், டாப்பெட்டுக்கு எடுத்த அதே 0.015 தகடு இங்கேயும் ஆகும். பாயின்ட்டின் ஹீல் (கேமில் உரசும் முனை) கேமின் முகட்டில் நிற்கும்போது அளக்க வேண்டும். பாயின்ட் மூடியிருக்கும் கோணத்தைக் காட்டும் ட்வெல் மீட்டர் இருந்தால் 60 டிகிரி, மூன்று கூடக் குறைய. மீட்டர் அளவே நம்பகமானது, ஏனென்றால் ஓடிய பாயின்ட்டில் ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமும் விழுந்து தகட்டை ஏமாற்றும்.

புதிய பாயின்ட் மாட்டியதும் வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லையா? தனித்தனி உறுப்பாக வரும் பாயின்ட்டில் இது அடிக்கடி நடப்பது. காயிலில் இருந்து வரும் வயரும் கண்டென்சர் வயரும் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும். ஆனால் நடுத் தூணையும் அதன்மேல் வரும் நட்டையும் தொடக் கூடாது. பிளாஸ்டிக் புஷ்ஷின் கழுத்துக்குள் வயர் முனைகள் உட்காராமல் தூணில் பட்டால் மின்சாரம் நேராக எர்த்துக்குப் போய்விடும், பாயின்ட் திறந்தாலும் பொறி வராது.

உள்ளே இன்னொரு சின்ன வயர் உண்டு, பாயின்ட் உட்கார்ந்திருக்கும் தட்டிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்குப் போகும் எர்த் வயர். எஞ்சினின் உறிஞ்சலால் டைமிங்கை முன்னே தள்ளும் வாக்குவம் அட்வான்ஸ் தட்டை ஆட்டும்போதெல்லாம் இந்த வயரும் வளைந்து நிமிர்கிறது. வெளியுறை நன்றாக இருக்க உள்ளே இழைகள் அறுந்துவிடும். அப்போது ஐட்லிங்கில் ஒன்றும் தெரியாது, ரோட்டில் ஓடும்போது மட்டும் விட்டுவிட்டு மிஸ் அடிக்கும். இரு முனையையும் பிடித்து மெல்ல இழுங்கள். ரப்பர் போல நீண்டால் மாற்றுங்கள்.

கண்டென்சர் போகும்போது பாயின்ட்டில் நீலப் பொறி பறக்கும், முனைகள் சீக்கிரம் கருகும். வண்டி குளிரில் நன்றாக ஓடிச் சூடானதும் நின்றுபோகும். ரோட்டாரைப் பொறுத்தவரை, பித்தளைத் தகட்டை ரிவெட் அடித்துப் பிடித்திருக்கும் மலிவான வகையைத் தவிர்க்கவும். ரிவெட்டிலிருந்து பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு மின்சாரம் தண்டுக்குத் தாவிவிடும். ரிவெட் இல்லாமல் வார்த்த வகை கிடைக்கிறது.

காயிலையும் ஒரு பார்வை பார்க்கலாம். பலாஸ்ட் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் தடை) இல்லாத வண்டியில் பிரைமரி முனைகளுக்கு இடையே சுமார் 3 ஓம் இருக்க வேண்டும். பிற்கால ரப்பர் பம்பர் வண்டிகளுக்கான 1.5 ஓம் அளவிலான காயிலைத் தெரியாமல் மாட்டினால் காயிலும் சுடும், பாயின்ட்டும் அடிக்கடி எரியும்.

ரோட்டாரைத் திரும்ப மாட்டுமுன், அதன் அடியில் தெரியும் தண்டின் தலையில் இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விடுங்கள்; ஹீல் படும் கேமில் ஒரு பொட்டு கிரீஸ். பாயின்ட் முனைகளில் ஒரு துளி ஆயில்கூடப் படக் கூடாது. பிளக் இடைவெளி 0.025 அங்குலம், என்.ஜி.கே. பி.பி.6.இ.எஸ். பொருந்தும். வயர்கள் 1-3-4-2 என்ற வரிசையில், மேலிருந்து பார்க்கக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்.

டைமிங்

ஹீல் தேயத் தேயப் பாயின்ட் இடைவெளி குறையும், குறைந்தால் பாயின்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்வாங்கும். அதனால்தான் இடைவெளி முதலில், டைமிங் பிறகு.

புல்லியில் இருக்கும் வெட்டையும் டைமிங் கவரில் இருக்கும் பற்களையும் துடைத்து வெள்ளைப் பெயிண்ட் தொட்டுவையுங்கள். நீளமான பல் டி.டி.சி. (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை), மற்றவை ஐந்து ஐந்து டிகிரி. எஞ்சின் நின்ற நிலையில், ஹை கம்ப்ரஷன் 18ஜி வகை எஞ்சினுக்கு டி.டி.சி.க்கு 10 டிகிரி முன்பாக. டிஸ்ட்ரிபியூட்டரின் வயர் முனைக்கும் எர்த்துக்கும் இடையே 12 வோல்ட் பல்பு ஒன்றை மாட்டி, இக்னிஷனை ஆன் செய்து, டிஸ்ட்ரிபியூட்டர் உடலை மெல்லத் திருப்பினால், பாயின்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அந்த இடத்தில் இறுக்குங்கள். உடலைக் கடிகாரத் திசையில் திருப்பினால் அட்வான்ஸ், எதிர்த்திசையில் ரிட்டார்டு. நுணுக்கமாக நகர்த்த 25டி4-ல் ஒரு திருகு இருக்கிறது. அதில் 11 கிளிக் ஒரு டிகிரி.

ஓடும் எஞ்சினில் டைமிங் லைட் வைத்துப் பார்க்கும்போது வாக்குவம் பைப்பைக் கழற்றி முனையை அடைத்துவிட வேண்டும். 600 ஆர்.பி.எம்.மில் 14 டிகிரி என்பது கையேட்டு அளவு. ஆனால் ஐம்பது வருடம் ஆன டிஸ்ட்ரிபியூட்டரில் எடைக்கட்டிகளைப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள் தளர்ந்து, அட்வான்ஸ் சீக்கிரமே ஏறிவிடும். அதனால் வேகத்தை 3,500-க்கு மேல் ஏற்றியும் பாருங்கள். மொத்தம் 32 டிகிரியை ஒட்டி நின்றால் நல்லது. ஏற்றத்தில் மிதிக்கும்போது கிளிங் கிளிங் என்று நாக்கிங் கேட்டால் இரண்டு டிகிரி பின்வாங்குங்கள், கையேடு என்ன சொன்னாலும்.

கழற்றிய வாக்குவம் பைப்பை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். தட்டு நகர்ந்து அங்கேயே நிற்க வேண்டும். திரும்பி வந்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது.

காற்றும் பெட்ரோலும்

கார்புரேட்டர் வழியாக வராத காற்று மிக்சரை (காற்று-பெட்ரோல் கலவையை) கெடுக்கும், எவ்வளவு திருகினாலும் ஐட்லிங் நிலைக்காது. த்ராட்டில் தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கையில் தட்டுப்பட்டால் தேய்ந்திருக்கிறது. எஞ்சின் ஓடும்போது தண்டின் முனையில் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் விடுங்கள். அந்தச் சொட்டு உள்ளே இழுபட்டு ஐட்லிங் மாறினால் கசிவு அங்கேதான். எரியும் ஸ்ப்ரேயை அடித்துப் பார்க்கும் வழக்கம் இந்த வண்டிக்கு வேண்டாம்: எக்ஸாஸ்ட் மானிஃபோல்டு கார்புரேட்டர்களுக்கு நேர் கீழே, அதே பக்கத்தில் கொதித்துக்கொண்டிருக்கிறது.

இன்லெட், எக்ஸாஸ்ட் மானிஃபோல்டுகள் சில ஸ்டட்களைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒரே தடித்த வாஷர் இரண்டின் விளிம்பையும் சேர்த்து அழுத்தும். வெளியிலிருந்து வாங்கிய எக்ஸாஸ்ட்டின் விளிம்பு தடிமன் வேறாக இருந்தால் வாஷர் ஒன்றை மட்டும் அழுத்தி மற்றதைச் சும்மா விட்டுவிடும். பிரேக் சர்வோ ஹோஸ், பிரீத்தர் ஹோஸ் இரண்டையும் ஒவ்வொன்றாக நசுக்கிப் பிடித்துப் பாருங்கள்; எஞ்சின் திருந்தினால் திருடன் கிடைத்துவிட்டான்.

பெட்ரோலுக்குக் காதே போதும். இக்னிஷனை ஆன் செய்ததும் பின்னால் எஸ்.யூ. பம்ப் டிக் டிக் என்று வேகமாக அடித்து, மிதவைக் கிண்ணங்கள் நிரம்பியதும் நிற்க வேண்டும். நிற்காமல் வேகமாக அடித்தால் டேங்க் காலி, அல்லது உறிஞ்சும் பக்கம் காற்று புகுகிறது, அல்லது எங்கோ பெட்ரோல் ஒழுகுகிறது. மிக மெதுவாக, முனகி முனகி அடித்தால் அடைப்பு. அடிக்கவே இல்லாமல், லேசாகத் தட்டினால் ஓடத் தொடங்கினால், பம்புக்குள்ளிருக்கும் பாயின்ட் கருகியிருக்கிறது.

கிண்ணத்தின் வழிவுக் குழாயில் பெட்ரோல் சொட்டினால் உடனே நிறுத்துங்கள். மூடியைத் தலைகீழாகப் பிடித்து, நைலான் மிதவை என்றால் மிதவையின் நெம்புகோலுக்கும் மூடிக்கும் இடையே 1/8 அங்குல டிரில் பிட் நுழையுமா பாருங்கள். ஊசி வால்வில் தூசி இருந்தாலும் இதே கதைதான். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயை உள்ளிருந்தே கரைக்கும். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் ஈ10 பொதுப் பெட்ரோல் ஆகிவிட்டது. ஆர்9 தரக் குறியிட்ட ஹோஸையே போடுங்கள்.

இப்போது கார்புரேட்டர்

முதலில் ஆயில். டாஷ்பாட்டின் (பிஸ்டன் ஏறி இறங்கும் மேல்கூட்டின்) மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் குழல் தண்டின் மேல்விளிம்புக்கு 13 மி.மீ. மேலே வரும்வரை எஞ்சின் ஆயில், 20டபிள்யூ-50. திடீரென்று மிதிக்கும்போது பிஸ்டன் உடனே துள்ளி எழாமல் இந்த ஆயில் தடுக்கிறது. அந்த ஒரு கணம் கழுத்து ஒடுங்கியே இருப்பதால் கூடுதல் பெட்ரோல் வருகிறது. ஆயில் வற்றினால் அந்தக் கூடுதல் கிடைக்காது, வண்டி இருமும். தொடக்கத்தில் சொன்ன இருமலுக்கு மருந்து பலமுறை இந்த நாலு சொட்டு ஆயில் மட்டும்தான்.

பிஸ்டனைத் தூக்கி விட்டால் டக் என்ற சத்தத்தோடு அடியில் விழ வேண்டும். விழாவிட்டால் டாஷ்பாட்டைக் கழற்றி, பிஸ்டனையும் உட்சுவரையும் பெட்ரோல் நனைத்த துணியால் துடையுங்கள். எமரி காகிதம் கூடாது. பிஸ்டனின் பக்கங்களில் ஆயிலும் கூடாது. ஒவ்வொரு டாஷ்பாட்டும் அதன் பிஸ்டனும் ஜோடி. முன் கார்புரேட்டருடையதைப் பின்னதில் மாட்டிவிடாதீர்கள். ஊசியின் தோள் பிஸ்டனின் அடித்தளத்தோடு சமமாக இருக்கட்டும். துடைத்த பிறகும் ஜெட் மேலே இருக்கையில் மட்டும் டக் கேட்கவில்லை என்றால் ஊசி ஜெட்டில் உரசுகிறது. ஜெட்டின் பெரிய லாக் நட்டைத் தளர்த்தி நடுவில் நிறுத்த வேண்டும். ஸ்பிரிங் பொருத்திய சாயும் ஊசிகளுக்கு இந்த வேலை கிடையாது.

பிறகு அடியில் இருக்கும் மிக்சர் நட்டை முழுக்க மேலே ஏற்றி, ஜெட்டின் மேல்முனை கழுத்தின் அடித்தளமான பாலத்தோடு சமமானதும், 12 பட்டை கீழே இறக்குங்கள். நட்டுக்கு ஆறு பட்டை. ஆகவே சரியாக இரண்டு சுற்று. இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் த்ராட்டில் தண்டின் கிளாம்புகளையும் சோக் இணைப்பையும் தளர்த்திவிடுங்கள். இதைச் செய்யாமல் பேலன்ஸ் செய்ய முடியாது. ஒன்றைத் திருகினால் மற்றதும் கூடவே நகரும். ஐட்லிங் ஸ்க்ரூ இரண்டையும் த்ராட்டில் மூடும்வரை தளர்த்தி, ஒரு சுற்று உள்ளே திருகி, எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள்.

காற்று: ஃபில்டர்களைக் கழற்றி, ஒரு மெல்லிய ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் ஒரே இடத்தில் வையுங்கள். உஸ் என்ற சத்தம் இரண்டிலும் ஒன்றுபோல் கேட்கும்வரை ஸ்க்ரூக்களைத் திருகுங்கள். காற்றளவு மீட்டர் இருந்தால் வேகமாக முடியும், ஆனால் குழாயும் காதும் மோசமில்லை.

பெட்ரோல்: இரண்டு நட்டையும் ஒரே திசையில், ஒரு சமயம் ஒரு பட்டை மட்டும் திருப்பி, எஞ்சின் வேகமாகச் சுற்றும் இடத்தைத் தேடுங்கள். அங்கிருந்து வேகம் குறையத் தொடங்கும்வரை மேலே ஏற்றி, ஒரு பட்டை திரும்ப இறக்குங்கள். மூன்று நிமிடத்துக்குள் முடியவில்லை என்றால் எஞ்சினை 2,500-இல் ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பிறகு தொடருங்கள். நெடுநேர ஐட்லிங்கில் பெட்ரோல் உள்ளே தேங்கி உங்களை ஏமாற்றும். பிற்கால எச்.ஐ.எஃப்.4 கார்புரேட்டரில் நட்டுக்குப் பதில் உடலின் பக்கத்தில் ஸ்க்ரூ, முறை இதேதான்.

சோதனை: ஒரு கார்புரேட்டரின் பிஸ்டனை 0.8 மி.மீ. மட்டும், அதற்கென்று இருக்கும் சிறு முளையை (லிஃப்டிங் பின்) அழுத்தித் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே தளர்ந்தால் பெட்ரோல் குறைவு. லேசாக ஏறிப் பழைய இடத்துக்கு வந்தால் சரி. நிறையத் தூக்கினால் எந்த எஞ்சினும் தடுமாறும், அது எதையும் சொல்லாது. பின்கார்புரேட்டருக்கும் இதே சோதனை. இரண்டையும் சமக் குழாய் இணைப்பதால், ஒன்றைத் திருத்திய பின் மற்றதைத் திரும்பப் பார்க்க வேண்டும். சைலன்சரும் பேசும்: தாளம் தப்பாத மிஸ்ஸோடு கரும்புகை என்றால் அதிகம், தாளமில்லாமல், நிறமில்லாமல் துப்பினால் குறைவு.

மிக்சரைத் தொட்டதால் பேலன்ஸை ஒருமுறை திரும்பக் கேளுங்கள். ஐட்லிங் 750 முதல் 800 வரை வசதியாக இருக்கும். கிளாம்புகளை இறுக்கும்போது ஒவ்வொரு நெம்புகோலின் முளைக்கும் கவைக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டு, மிதிக்கும் கணத்தில் இரண்டு த்ராட்டிலும் சேர்ந்தே திறக்கும்படி வையுங்கள். சோக் கேபிளுக்கு 1/16 அங்குலம் தளர்வு வேண்டும். இல்லாவிட்டால் ஜெட் முழுக்க மேலே ஏறாது, இவ்வளவு நேரம் செய்தது வீண்.

கடைசியாக ஏர் ஃபில்டர். அதன் கேஸ்கெட்டில் போல்ட் துளைகளோடு சின்னத் துளைகளும் உண்டு. அவை கார்புரேட்டர் முகத்திலிருக்கும் காற்றுத் துளைகளுக்கு நேரே வர வேண்டும். தலைகீழாக மாட்டினால் துளை அடைபட்டு பிஸ்டன் எழாது. ஃபில்டர் இல்லாமல் அருமையாக ஓடிய வண்டி, மாட்டியதும் மூச்சுத் திணறும். அப்போது மிக்சர் நட்டைத் தொடாதீர்கள், கேஸ்கெட்டைத் திருப்பிப் போடுங்கள்.